ஏற்றத்தில் மிச்சம் பிடித்த எரிபொருள்: வயாலா 904 விபத்து பற்றிய நிகழ்வு ஆய்வு

2000ஆம் ஆண்டு மே 31. தென் அவுஸ்திரேலியாவில் மாலை 6.23 மணிக்கு அடிலெயிட்டிலிருந்து வயாலா நகருக்கு, வயாலா எயர்லைன்ஸ் நிறுவனத்தின் 904ஆம் இலக்கப் பறப்பாக, பைப்பர் சீஃப்டன் என்ற இரட்டை எஞ்சின் விமானம் புறப்பட்டது. விமானியுடன் ஏழு பயணிகள். 6,000 அடிக்கு ஏறி, ஸ்பென்சர் வளைகுடாவைக் கடந்துகொண்டிருந்தபோது, இரவு 7.01 மணிக்கு விமானியிடமிருந்து அவசரச் செய்தி வந்தது: இரண்டு எஞ்சின்களும் போய்விட்டன. விமானம் இருட்டில் கடலில் இறங்கியது. எட்டுப் பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரே பயணத்தில் இரண்டு எஞ்சின்களும் நின்றுபோவது மிக அரிது. அப்படி நடந்தால் முதலில் எரிபொருள் தீர்ந்ததா, எரிபொருளில் தண்ணீர் கலந்ததா என்றுதான் தேடுவார்கள். இங்கே காரணம் அதுவல்ல. கடலடியிலிருந்து எடுத்துப் பிரித்துப் பார்த்தபோது இடது எஞ்சினின் கிராங்க் தண்டு, அதாவது பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு, முறிந்திருந்தது. வலது எஞ்சினில் ஆறாவது சிலிண்டரின் பிஸ்டன் உருகி ஓட்டையாகியிருந்தது. இரண்டு எஞ்சின்கள், இரண்டு வெவ்வேறு சேதங்கள். இவற்றை இணைப்பது எது என்ற கேள்வியில் தொடங்கிய விவாதம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நடந்தது.

இந்த விபத்தை யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலியில் கூடும் எங்கள் சிறிய வாசிப்பு வட்டத்தில் எடுத்துக்கொண்டோம். உயர்தரம் முடித்துவிட்டு விமானத் துறையைக் கனவு காணும் பிள்ளைகள், பொறியியல் படிக்கும் இருவர், இரத்மலானையில் பறக்கப் பழகிவிட்டு விடுமுறைக்கு வந்திருந்த ஒரு தம்பி, கொக்குவிலில் நெடுங்காலம் கராஜ் வைத்திருந்த ஒரு அண்ணை. டர்போ பிஸ்டன் எஞ்சினை ஏற்றத்தில் எப்படி நடத்துவது என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. காரணம், இதில் கிடைக்கும் பதில் நேராக இல்லை. அந்தச் சிக்கலோடு சேர்த்துத்தான் இதைப் படிக்கவேண்டும்.

பறக்கப் பழகும் தம்பி கேட்ட கேள்வி

முதல் விசாரணை அறிக்கையில் ஒரு வரி வருகிறது. அந்த நிறுவனத்தின் விமானிகள் ஏற்றத்துக்கான சக்தியிலேயே எரிபொருள் கலவையை மெலிதாக்கினார்கள், அதாவது காற்றோடு சேரும் எரிபொருளைக் குறைத்தார்கள். ஏறி முடிந்து ஒரே உயரத்தில் போகும் சமநிலைப் பறப்பில் மிகச் சிக்கனமான கலவைக்கு அருகில் வைத்தார்கள். இதை வாசித்ததும் தம்பி நிமிர்ந்து கேட்டார்:

“அண்ணை, 172இலை மூவாயிரம் அடிக்கு மேலை ஏறேக்கை மிக்சரைக் குறைக்கச் சொல்லித்தானே எங்களுக்குப் படிப்பிச்சவை. அதைத்தானே இவையளும் செய்திருக்கினம்?”

முழு விடயமும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

செஸ்னா 172 போன்ற சாதாரண எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றை நம்பி ஓடுவது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 30 அங்குலம் பாதரசம். ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் அது குறைந்துகொண்டே போகும். 6,000 அடியில், காற்று போகும் வழியைத் திறக்கும் திரொட்டிலை முழுக்கத் திறந்தாலும் எஞ்சினுக்குக் கிடைப்பது 24 அங்குலத்துக்கும் குறைவு. காற்றுக் குறைகிறது, எரிபொருள் அப்படியே போகிறது. ஆகவே கலவை தேவைக்கு மேல் செறிந்துவிடும். விமானி கையால் குறைக்கிறார். அது சரியான பழக்கம். சக்தியும் கூடவே குறைந்துவிடுவதால் ஆபத்தும் குறைவு.

டர்போ எஞ்சினில் இந்தக் கணக்கே மாறுகிறது. கழிவு வாயு ஒரு சுழலியைச் சுற்ற, அது இன்னொரு சுழலியால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. வேஸ்ட்கேட் என்ற கதவு கழிவு வாயுவில் எவ்வளவு சுழலிக்குப் போகவேண்டும் என்று தீர்மானிக்கிறது. மேலே ஏற ஏற அந்தக் கதவு மூடிக்கொண்டு வர, சுழலி இன்னும் வேகமாகச் சுற்றும். சிலிண்டர்களுக்குப் போகும் காற்றின் அழுத்தம், அதாவது மெனிஃபோல்ட் அழுத்தம், குறையாது. சீஃப்டனில் ஒவ்வொரு எஞ்சினும் 350 குதிரைவலு. ஏற்றத்தில் பொதுவாகப் பழகப்படுவது 40 அங்குல அளவும் நிமிடத்துக்கு 2,400 சுற்றும். கடல் மட்டத்திலும் 40, ஆறாயிரம் அடியிலும் 40. சிலிண்டருக்குள் போகும் காற்று பெரிதாகக் குறையவில்லையென்றால் எரிபொருளைக் குறைக்க நியாயமும் இல்லை. 172இல் கலவையைத் திருத்தும் அதே கை, இங்கே கலவையைக் கெடுக்கிறது.

ஏற ஏற என்ன நடக்கிறது

இதோடு நிறுத்தியிருந்தால், “சரி, குறைக்காமல் விட்டால் போதும்” என்று பிள்ளைகள் எழுதிவைத்துவிடுவார்கள். அது போதாது. டர்போ எஞ்சினின் ஏற்றம் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் கடினமாகிக்கொண்டே போவதை அவர்கள் இலக்கங்களில் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். பலகையில் கணக்குப் போட்டோம்.

எங்கள் ஊரின் மத்தியான வெயில், 33 பாகை செல்சியஸ். பலாலி கடல் மட்டத்திலிருந்து வெறும் பத்து மீற்றர் அளவு உயரம். 30 அங்குலக் காற்றை 40க்கு அமுக்கினால் காற்று சூடாகும். நடைமுறைச் சுழலியின் திறனை ஏறத்தாழ 65 சதவீதம் என்று எடுத்தால், உள்ளே போகும் காற்று 70 பாகையைத் தாண்டும். அதே விமானம் ஆறாயிரம் அடியில்: வெளிக்காற்று 21 பாகை அளவு, குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் 24 அங்குலத்தை 40க்கு ஏற்றவேண்டும். கணக்கு 90 பாகையைக் காட்டுகிறது. பதினையாயிரம் அடியில் வெளியே உறைநிலைக்குச் சற்று மேல், எஞ்சினுக்குள் போகும் காற்றோ 120 பாகை. மேலே போகப் போக வெளியே குளிர்கிறது, உள்ளே கொதிக்கிறது. சீஃப்டனில் அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் இல்லை.

மறுபக்கம், எஞ்சினைக் குளிர்விப்பது வெளியே வீசும் காற்று. ஆறாயிரம் அடியில் அதன் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். ஏற்றத்தில் மூக்கு மேலே, வேகம் குறைவு. ஆக, எஞ்சின் முழுச் சக்திக்கு அருகில் வேலை செய்கிறது, உள்ளே போகும் காற்று சூடாகிக்கொண்டு போகிறது, வெளியே குளிர்விக்கும் காற்று மெலிந்துகொண்டு போகிறது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வது ஏற்றத்தில் மட்டும்தான். அந்த நேரத்தில் எஞ்சினைக் காப்பது தேவைக்கு மேல் போகும் அந்தச் செறிந்த எரிபொருள். அது எரிதலைச் சற்று மெதுவாக்குகிறது, அழுத்தத்தின் உச்சத்தைப் பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிய பிறகு வரும்படி தள்ளுகிறது, வெப்பத்தையும் இறக்குகிறது. புகைபோக்கியால் வீணாகப் போவதாகத் தெரியும் அந்த எரிபொருள் உண்மையில் அங்கே வேலை செய்கிறது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், சிக்கனம் பேசும் எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான்.

மண்ணெண்ணெய்க் காலம்

அந்தச் செறிவு தடுக்கும் நொக்கிங் என்றால் என்ன என்று விளக்கத் தொடங்கியபோது கராஜ் அண்ணை என் வேலையைக் குறைத்தார்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காத குடாநாட்டில் மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன், அதாவது தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு, மிகக் குறைவு. தீப்பொறி பற்றவைத்த சுவாலை சிலிண்டரின் மறு ஓரத்துக்குப் போய்ச் சேருமுன்னரே, அங்கே அமுங்கிச் சூடாகிக் கிடக்கும் மீதிக் கலவை தானாக ஒரேயடியாக வெடிக்கும். அதுதான் நொக்கிங். விமான எஞ்சினில் நடப்பதும் இதேதான். எரிபொருள் உயர்ந்தது, அழுத்தமும் வெப்பமும் அதைவிட உயர்ந்தவை.

“மண்ணெண்ணெயிலை டபிள்ஸ் போட்டுக்கொண்டு எதிர்க்காத்துக்கு ஓடேக்கை கணகணவெண்டு ஒரு சத்தம் வரும், தம்பி,” என்றார் அண்ணை. “கேட்ட உடனை அக்சிலேற்றரை விட்டிடுவம். விடாமல் முறுக்கினால் பிஸ்டன் தலை போயிடும். நானே எத்தினை பிஸ்டன் கழட்டிப் பாத்தனான். அந்த விமானம் ஓட்டின பெடியனுக்குச் சத்தம் கேட்டிருக்குமோ?”

கேட்டிருக்காது. புரொப்பெல்லரின் இரைச்சலும் காதை மூடிய ஹெட்செட்டும் அதை மறைத்துவிடும். விமானியிடம் இருப்பவை மானிகள் மட்டுமே. பழைய விமானங்கள் பலவற்றில் அவையும் போதாதவை: ஆறு சிலிண்டர்களில் ஒன்றிலோ இரண்டிலோதான் தலை வெப்பத்தை அளப்பார்கள். ஆறு சிலிண்டர்களுக்கும் கலவை ஒரே அளவில் போவதில்லை. மானி பொருத்தாத சிலிண்டர் ஒன்று மெலிந்த கலவையில் கொதித்துக்கொண்டிருந்தாலும் விமானிக்குத் தெரியாது. லைக்கோமிங் எஞ்சினின் சிலிண்டர் தலை வெப்ப எல்லை 260 பாகை செல்சியஸ். ஆனால் அலுமினியம் 200 பாகையைத் தாண்டியதுமே வலுவைக் கணிசமாக இழக்கத் தொடங்கும். சிவப்புக் கோட்டைத் தொடாதவரை சரி என்று ஏறுவதை நான் ஏற்கமாட்டேன்.

முதல் விளக்கமும் இரண்டாம் விளக்கமும்

அவுஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 2001 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. அதன் வாதம் இப்படிப் போகிறது. விமானப் பெற்றோலில் ஈயம் உண்டு; எரிந்த ஈயத்தை வாயுவாக்கி வெளியேற்ற புரோமின் சேர்மம் ஒன்றும் சேர்க்கப்படுகிறது. ஏற்றத்திலும் சமநிலைப் பறப்பிலும் கலவையை மெலிதாக்கிய பழக்கத்தால் ஈய ஒக்சிபுரோமைட் படிவுகள் பிஸ்டன் தலையிலும் சிலிண்டரிலும் சேர்ந்தன. அப்படிவுகள் தணலாகி, தீப்பொறிக்கு முன்னரே கலவையைப் பற்றவைத்தன. அதனால் எழுந்த மிகை அழுத்தம் இடது எஞ்சினில் ஆறாவது பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ரொட்டின் பெயாரிங்கைச் சேதப்படுத்தியது. பொருத்தும்போது அங்கே பூசப்பட்ட ஒட்டுத்தடைப் பசையும் பெயாரிங்கின் பிடியைத் தளர்த்தியது. கிராங்க் தண்டில் பல பயணங்களுக்கு முன்னரே, திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் உலோகம் களைத்து உண்டாகும் விரிசல் தொடங்கி, அன்றிரவு தண்டு முறிந்தது. இடது எஞ்சின் போனதும் விமானி வலது எஞ்சினின் சக்தியைக் கூட்டினார். அது நொக்கிங்குக்குள் போய், ஆறாவது பிஸ்டன் ஓட்டையானது.

கோவையான கதை. வட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னேன்.

2002இல் லைக்கோமிங் நிறுவனம், அதே குடும்பத்தைச் சேர்ந்த உயர்சக்தி டர்போ எஞ்சின்களின் கிராங்க் தண்டுகளைத் திருப்பி அழைத்தது; சூடாக்கி அடித்து உருவாக்கியபோது உலோகத்தில் குறை நேர்ந்திருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் பணியகம் தன் விசாரணையை மீண்டும் திறந்தது. 2003 யூலையில் தென் அவுஸ்திரேலிய மரண விசாரணை அதிகாரி தன் முடிவைச் சொன்னார். அவர் முதல் அறிக்கையின் வரிசையை ஏற்கவில்லை. வலது எஞ்சினின் பிஸ்டன்தான் முதலில் சேதமடைந்தது. அதன் பிறகு இடது எஞ்சின் கூடுதல் சுமையைத் தாங்கியது. உலோகக் குறையுள்ள அதன் தண்டு முறிந்தது. மெலிந்த கலவையும் ஈயப் படிவும் சேர்ந்து தண்டை முறித்தன என்ற வாதத்தை அவர் நிராகரித்தார். பணியகத்தின் துணை அறிக்கை 2003 ஒக்டோபரில் வந்தது.

பொறியியல் படிக்கும் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “அப்ப ஏற்றத்திலை மெலிதாக்கினது காரணமில்லையே? பிறகேன் நாங்கள் இதைப் படிக்கிறம்?”

என் முடிவைச் சொல்கிறேன். இடது எஞ்சினின் தண்டு முறிந்ததற்கு விமானிகளின் கலவைப் பழக்கத்தைக் குற்றஞ்சாட்டுவது நியாயமில்லை. உலோகக் குறைக்கான சான்று வலுவானது. ஒரு விபத்தைக் காட்டி “மெலிதாக்கினால் இப்படித்தான்” என்று பயமுறுத்துவது படிப்பித்தல் ஆகாது. ஆனால் வலது எஞ்சினின் அந்தப் பிஸ்டன் ஓட்டை இரண்டு விளக்கங்களிலும் அப்படியே நிற்கிறது. அது முதலில் நடந்ததா, பின்னர் நடந்ததா என்பதில்தான் தகராறு. உயர்சக்தியில் ஒரு டர்போ எஞ்சின் வெப்பத்தின் எல்லையைத் தாண்டியது என்பதில் இல்லை. அவசரச் செய்திக்குப் பல நிமிடங்கள் முன்னரே விமானத்தின் வேகம் குறைந்ததை ரேடார் பதிவு காட்டியது. ஏதோ ஒரு எஞ்சின் அப்போதே தளர்ந்துவிட்டது. மீதி எஞ்சின்மீது முழுப் பாரமும் விழுந்தது. அந்த நிமிடங்களில் திரொட்டில், புரொப்பெல்லர் சுற்று, கலவை என்ற மூன்று நெம்புகோல்களும் எந்த வரிசையில் எங்கே போகவேண்டும் என்பதே எங்கள் பாடம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மெலிந்த கலவை எல்லா இடத்திலும் ஆபத்தல்ல. முழுச் செறிவிலிருந்து மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வரும்போது கழிவு வாயுவின் வெப்பம் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். சிலிண்டருக்குள் அழுத்தமும் தலை வெப்பமும் மிகக் கூடுவது அந்த உச்சத்துக்குச் சற்று முன்னால், செறிந்த பக்கத்தில். உச்சத்தைத் தாண்டி நன்றாக மெலிந்த பக்கத்துக்குப் போனால் அழுத்தம் மீண்டும் இறங்கும். சக்தி குறைந்த சமநிலைப் பறப்பில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் மானி உள்ள விமானத்தில், மெலிந்த பக்கத்தில் ஓட்டுவதைத் தேர்ந்த விமானிகள் பலர் நன்றாகவே செய்கிறார்கள். ஏற்றத்தில் “கொஞ்சம்” குறைப்பவர்தான் நேராக மோசமான இடத்தில் போய் நிற்கிறார். முழுச் செறிவின் பாதுகாப்பும் இல்லை, நன்றாக மெலிந்ததன் பாதுகாப்பும் இல்லை.

எவ்வளவு மிச்சம்?

மெலிதாக்கியதால் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தோம். ஓர் எஞ்சினுக்கு மணிக்கு 20 லீற்றர் குறைத்தார்கள் என்று தாராளமாக வைப்போம். ஆறாயிரம் அடிக்கு ஏற ஏழு நிமிடம். இரண்டு எஞ்சின்களுக்கும் சேர்த்து மிச்சம் ஐந்து லீற்றருக்கும் குறைவு. கராஜ் அண்ணை அந்தத் தொகையை இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார். ஒரு சிலிண்டரைக் கழற்றிப் பூட்டும் கூலிக்கு எத்தனை ஏற்றங்கள் இப்படி மிச்சம் பிடிக்கவேண்டும் என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

சக்தியைக் குறைக்கும் ஒழுங்கு

இனி நடைமுறை. ஓடுபாதையில் திரொட்டிலை மெதுவாகத் தள்ளவேண்டும். ஒரேயடியாகத் தள்ளினால், எண்ணெய் இன்னும் சூடாகாத வேஸ்ட்கேட் கட்டுப்பாட்டுக் கருவி பின்தங்கி, மெனிஃபோல்ட் அழுத்தம் எல்லையைத் தாண்டிப் பாயும். சக்தி நிலைத்ததும் எரிபொருள் பாய்வு மானியைப் பார்க்கவேண்டும். புறப்பாட்டில் அது கையேட்டின் எண்ணுக்குக் கீழே இருந்தால் பறப்பைக் கைவிடவேண்டும். மெனிஃபோல்ட் அழுத்தத்தையும் சுற்றையும் பார்க்கப் பழகிய கண்கள் மூன்றாவதாக இதையும் பார்க்கப் பழகவேண்டும். வயாலா நிகழ்விலிருந்து ஒரேயொரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். கலவையின் செறிவை விமானிக்கு நேராகச் சொல்லும் மானி இதுவே.

பாதுகாப்பான உயரம் வந்தபின் ஏற்றச் சக்திக்குக் குறைக்கும்போது முதலில் திரொட்டில், பிறகு புரொப்பெல்லர் சுற்று. கூட்டும்போது தலைகீழ்: கலவை, சுற்று, கடைசியாகத் திரொட்டில். சுற்றை முதலில் குறைத்து அழுத்தத்தை மேலே விட்டால், மெதுவாக ஓடும் எஞ்சினில் பிஸ்டன் மேலே நிற்கும் நேரம் கூடுகிறது. கலவைக்குத் தானாக வெடிக்கக் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது. அங்குலத்தில் அழுத்தத்தின் எண், சுற்றை நூறால் வகுத்து வரும் எண்ணைத் தாண்டக்கூடாது என்று ஒரு பழைய விதியைச் சில பயிற்சியாளர்கள் இன்னும் சொல்வார்கள். 40 அங்குலமும் 2,400 சுற்றும், அதாவது 40உம் 24உம், அந்த விதியை மீறுகின்றன. கையேடு அனுமதிக்கும் சோடி அது. விதியை விட்டுக் கையேட்டைப் பாருங்கள்.

வெப்பம் ஏறினால் முதலில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டவேண்டும், எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றுக்கு வழிவிடும் கௌல் ஃபிளாப் திறந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் சக்தியைக் குறைக்கவேண்டும். நிமிடத்துக்கு இருநூறு அடி குறைவாக ஏறுவதால் ஒருவருக்கும் நட்டமில்லை. ஒரு எஞ்சின் போனால் மறு எஞ்சினின் திரொட்டிலைத் தொடுமுன் கலவை முழுச் செறிவுக்குப் போகவேண்டும். சமநிலைப் பறப்பின் சிக்கனக் கலவையோடு திரொட்டிலை முன்னே தள்ளுவது, அண்ணை சொன்ன எதிர்க்காற்றில் முறுக்குவதற்குச் சமம். சத்தம் மட்டும் கேட்காது.

பலாலியிலிருந்து பார்க்கும்போது

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அங்கே பயணிகள் பெரும்பாலும் பார்ப்பது தமிழ்நாட்டிலிருந்து வரும் டர்போபுரொப் விமானங்களை. அவற்றின் எஞ்சின் வேறு வகை, இந்தக் கலவைப் பிரச்சினை அவற்றுக்கு இல்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் பழகப் போவதும், வெளிநாட்டில் முதல் வேலைக்குச் சேரப் போவதும் பெரும்பாலும் பிஸ்டன் விமானங்களில்தான். சிறு நிறுவனங்கள், நீண்ட நாட்கள், எரிபொருள் கணக்குப் பார்க்கும் முகாமையாளர்கள். வயாலாவில் பறந்தவரும் அத்தகைய வேலையில்தான் இருந்தார்.

பலாலியின் ஓடுபாதையிலிருந்து வடகிழக்கே எழுந்தால் சிறிது நேரத்திலேயே கீழே கடல். வெயிலில் காற்று மெலிந்து, கடல் மட்டத்திலேயே எஞ்சினும் இறக்கையும் இரண்டாயிரம் அடியில் இருப்பதுபோல நடந்துகொள்ளும். ஏற்றத்தின் நடுவில் சக்தி போனால் இறங்க வயலோ தெருவோ இல்லை. வயாலா அறிக்கையில் கவனிக்கவேண்டிய இன்னொரு பகுதி இருக்கிறது: அந்த விமானத்தில் உயிர்காப்பு அங்கிகளும், மேலுடலைத் தாங்கும் பட்டிகளும் இல்லாதது பிழைக்கும் வாய்ப்பைக் குறைத்தது. நெடுந்தீவுப் படகில் ஏறுகிறவரிடம் அங்கியைப் போடு என்று சொல்லும் ஊர் நாங்கள். சிறு விமானத்தில் கடலைக் கடக்கும்போதும், எஞ்சின் ஒன்றா இரண்டா என்று பாராமல், புறப்படுமுன் அதை இருக்கைக்குக் கீழே வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

கூட்டம் முடியுமுன் தம்பி தன் குறிப்புப் புத்தகத்தில், தான் அடுத்துப் பழகப் போகும் டர்போ விமானத்தின் கையேட்டிலிருந்து நான்கு எண்களை ஒரே வரியில் எழுதினார்: ஏற்றத்தின் மெனிஃபோல்ட் அழுத்தம், சுற்று, எரிபொருள் பாய்வு, தலை வெப்பம். எரிபொருள் பாய்வின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.